கறிக்கு எடுத்த சூரை

அலுமாரியின் மேல்தட்டில், மகள் யூஜினியின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் வள்ளத்தின் பதிவுப் புத்தகத்துக்கும் நடுவில், அந்தக் கடதாசி பொலித்தீன் உறைக்குள் கிடந்தது. பதினொரு மாதமாக அங்கேதான் கிடந்தது. ஞாயிறு பூசைக்கு உடுப்பு எடுக்க டொறத்தி அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதன் விளிம்பு கண்ணில் படும். பட்டவுடன் உடுப்பை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள்.

கடதாசி முழுவதும் இங்கிலிஷ். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அதில் விளங்கியது ஓரத்தில் நின்ற சக (+) அடையாளங்கள் மட்டும்தான். மகளின் இரத்தத்தைச் சோதித்த இடத்தில் கடதாசியைக் கையில் தந்து, டொக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பெண் பிள்ளை விரலை வைத்து வாசித்துச் சொன்னாள். "மீன், ரெண்டு சக. றால், மூண்டு சக. நண்டு, ஒண்டு. இதெல்லாம் பிள்ளைக்குக் கூடாது அக்கா." அதற்குக் கீழேயும் வரிகள் இருந்தன. பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. மிச்சத்தையும் வாசியுங்கள் என்று கேட்க டொறத்திக்கு வாய் வரவில்லை. முகம்தான் சிவந்தது. கடதாசியை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். விடை கிடைத்துவிட்டது, இனி டொக்டர் என்னத்துக்கு என்று அவள் புருசன் பஸ்தியானும் நினைத்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. குறிஞ்சிப்பிட்டிக்கு மேற்கே, கடலைப் பார்த்து வரிசையாக நின்ற இருபது வீடுகளில் அதுவும் ஒன்று. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன் மணம்தான். அதற்குள்ளே இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்கு மீன் படாமல் பார்ப்பதென்றால், மழையில் நின்றுகொண்டு நனையாமல் இருக்கப் பார்ப்பது போலத்தான். பஸ்தியான் கடலால் வந்து கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் மகளைத் தொடலாம். யூஜினிக்கு வேறு கோப்பை, வேறு அகப்பை, வேறு சட்டி. பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை, மறுபடியும் பருப்பு. பள்ளிக்கூடத்தில் யாராவது மீன் பணிஸ் கொண்டு வந்தால் எழும்பித் தூரப் போய் இருக்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

பிள்ளை தும்மினால் டொறத்தி ஓடி வந்து உதட்டைப் பார்ப்பாள். கன்னத்தை, கழுத்தை, முழங்கை மடிப்பைப் பார்ப்பாள். நுளம்பு கடித்த தடிப்புக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரிக்குத் திரீவீலரில் இருபது நிமிடம். அதை அவள் அளந்து வைத்திருந்தாள்.

"நீ பார்க்கிற பார்வையிலயே பிள்ளைக்குச் சொறி வரும்," என்பாள் பஸ்தியானின் அக்கா அல்பொன்சா. பக்கத்து வீடு. வாய் கொஞ்சம் நீளம். "கடல்காரன்ட மகளுக்கு மீன் ஆகாதாம். மாட்டுக்குப் புல் ஆகாது எண்ட மாதிரி. ஆரிட்டச் சொல்லிச் சிரிக்கிறது?"

"கடதாசியில கிடக்குது மச்சாள்."

"கடதாசி! உனக்கு முகம் சிவக்கிறதுக்கும் ஒரு கடதாசி எடுக்க வேண்டியதுதான், தக்காளி."

தக்காளி என்றுதான் கலியாணம் கட்டி வந்த நாள் முதல் அல்பொன்சா அவளைக் கூப்பிட்டாள். டொறத்தி வெள்ளைத் தோல்காரி. நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்து போகும். சின்ன வயதிலேயே அப்படித்தான். வகுப்பில் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் முகம் முந்திக்கொள்ளும், வாய் பின்தங்கிவிடும்.

அவள் பிறந்தது சிலாபத்துக்குத் தெற்கே, களப்பு ஓரம். வீட்டில் செபம் தமிழில், தெருவில் பேச்சு சிங்களத்தில். பதின்மூன்று வயதில் தகப்பன் படுத்த படுக்கையாகிவிட, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கருவாட்டு வாடியில் மீன் வெட்டப் போனாள். ஒன்பது வருடம் வெட்டி உப்பு அடைத்தாள். அங்கே யாரோடும் அதிகம் கதைத்ததில்லை. ஆனால் பார்த்தாள். எந்த மீன் எப்போது கண் கலங்கும், எந்தச் செவுள் எப்படி நிறம் மாறும், எந்த முதலாளி எந்தக் கூடையை அடியில் வைப்பான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. அதனால் அவள் சொன்னதுமில்லை. பிறகு இருபத்திரண்டு வயதில், தலவில திருவிழாவுக்கு வந்த இடத்தில் பேசி முடித்த கலியாணம். நாட்டில் சண்டை முடிந்து கடல் திறந்துவிட்ட காலம் அது. பஸ்தியானிடம் புது பைபர் வள்ளம் இருந்தது. நல்ல மனிசன். குரல் பெரிது. அவன் கதைத்தால் அவள் கதைக்கத் தேவையில்லை என்று நிம்மதியாக இருந்தாள்.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த நாளில் நடந்ததைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடியக் கரை தட்ட வேண்டிய வள்ளம் எஞ்சின் கோளாறால் உச்சி வெயிலுக்குத்தான் வந்தது. பஸ்தியான் வாடியில் மீனை ஏலம் போட்டுவிட்டு, கறிக்கென்று ஒதுக்கிய சூரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழமை. நல்ல மீன் ஏலத்துக்கு, ஒதுக்கினது வீட்டுக்கு. தான் வாடியிலேயே பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிப் படுத்துவிட்டான். டொறத்தி மீனைத் திறந்தபோது செவுளில் சிவப்பு வெளிறியிருந்தது. மணந்து பார்த்தாள், கெட்ட மணம் இல்லை. ஒன்பது வருட அனுபவம் உள்ளே ஏதோ முணுமுணுத்தது. அவர் கொண்டு வந்த மீனைப் பழுது என்று எப்படிச் சொல்வது? புளிப்புக்குப் போடும் கொறக்காவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அவித்தாள்.

யூஜினி இரண்டு துண்டு சாப்பிட்டாள். டொறத்தி ஒன்று. நாக்கில் மிளகு கடித்தது போலச் சுள்ளென்று ஒரு குத்தல். கறியில் அவ்வளவு மிளகு போட்ட ஞாபகம் அவளுக்கு இல்லை. கால் மணித்தியாலத்தில் பிள்ளையின் முகமும் நெஞ்சும் தடித்துச் சிவந்தன. பிறகு சத்தி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. பிறகு கண் சொருகியது. திரீவீலரில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போகும்போது டொறத்தியின் முகமும் நெருப்பாய் எரிந்தது, தலை விண்விண் என்று அடித்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடித் திரிந்தார்கள். அவளைப் பார்த்தவர்கள் அழுது சிவந்த முகம் என்று நினைத்தார்கள். அல்பொன்சா மட்டும் தோளைப் பிடித்து, "இந்த நேரத்திலயும் வெக்கமாடி உனக்கு?" என்றாள்.

ஊசி போட்டுப் பிள்ளை தேறியது. "கறிக்கு என்ன மீன்? நல்ல மீனா?" என்று அங்கே டொக்டர் கேட்டபோது பஸ்தியான்தான் சொன்னான். "என்ட வள்ளத்து மீன் டொக்டர். ஐஸ் போட்ட மீன்."

டொறத்தி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு கடதாசி வந்தது. பிள்ளையின் இரத்தத்தில்தான் பிழை என்று அது சொன்னது. அதைக் கேட்டுப் பஸ்தியானின் தோள் கொஞ்சம் இறங்கியதை அவள் கண்டாள். வாடியில் ஒரு கதை கிளம்பினால் போதும், அவன் மீனுக்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள். அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று இறங்கியதுதான் உண்மை. நான் அவித்துக் கொடுத்ததால் இல்லை. பிள்ளையின் இரத்தம் அப்படி. அப்படி நினைத்துக்கொண்டால்தான் அவளால் அடுப்படிக்குப் போக முடிந்தது.

பதினோராவது மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் நிறை பார்க்க மிட்வைஃப் சித்தி ஸுலைஹா வந்தார். புத்தளத்துக்காரி, கறாரான மனிசி. யூஜினியை இரண்டு தரம் தராசில் ஏற்றி இறக்கிவிட்டுத் தாய்க்கு ஆள் அனுப்பினார்.

"போன வருசத்தை விட ஒண்டரைக் கிலோ குறைவு. வளர்ற பிள்ளை தேய்ஞ்சு போகுது. என்ன குடுக்கிறீங்க?"

டொறத்தி மெல்லச் சொன்னாள்.

"ஆர் மீனை நிப்பாட்டச் சொன்ன?"

"கடதாசியில..."

"கடதாசி பேசுமா புள்ள? டொக்டர் ஆராவது பாத்தாங்களா?"

டொறத்தி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"யா அல்லாஹ். வருசம் ஒண்டாகப் போகுது, கடதாசியை அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறீங்க. உண்மையாவே ஆகாதெண்டா, ஆபத்துக்குப் போட உங்கட கையில ஒரு ஊசி இருக்கணும். ஆகுமெண்டா பிள்ளை சாப்பிடணும். ரெண்டும் இல்லாம இதென்ன சீவியம்?" என்று சொல்லிக்கொண்டே கொழும்புக் கிளினிக்குக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதி வாங்கித் தந்தார்.

கிளினிக்கில் டொக்டர் நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில். கடதாசியை ஒரு தரம் பார்த்துவிட்டு மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இது பிறகு. முதல் நடந்ததைச் சொல்லுங்க."

பஸ்தியான் சொன்னான். சந்தைச் சிங்களம்தான், ஆனாலும் தடங்கல் இல்லாமல் சொன்னான். டொறத்தி மகளின் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"கச்சான் கடலை சாப்பிடுறதா பிள்ளை?" என்று டொக்டர் இடையில் கேட்டார்.

"ஓம், நல்ல விருப்பம். வரேக்க பஸ்ஸிலயும் ஒரு சுருள் சாப்பிட்டா," என்றான் பஸ்தியான்.

"ஒண்டும் செய்யிறதில்லையா?"

"ஒண்டுமில்ல."

டொக்டர் கடதாசியை நிமிர்த்தி, றாலுக்கும் நண்டுக்கும் கீழே ஒரு வரியில் பேனையை வைத்தார். "இது கச்சான். இதுக்கும் ரெண்டு சக கிடக்குது. மீனுக்கு எவ்வளவோ அவ்வளவு."

டொறத்திக்குக் காது அடைத்தது. மருந்துக்கடையில் வாசிக்காமல் விட்ட வரி. பதினொரு மாதம் மீன் கரண்டியைக் கூடக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்தவள், இதைத் தன் கையாலேயே உடைத்து உடைத்துக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை இப்போதும் சட்டைப்பையில் இரண்டு கச்சான் வைத்திருந்தாள்.

"பயப்படாதீங்க," என்றார் டொக்டர். "சாப்பிட்டு ஒண்டும் நடக்காட்டி அந்தச் சகவுக்கு வேலை இல்ல. இரத்தம் அந்தச் சாமானை அடையாளம் கண்டிருக்குது, அவ்வளவுதான். அடையாளம் கண்டவனெல்லாம் அடிக்க வாறதில்லையே. அதனாலதான் கதையைக் கேக்கிறன். சரி, அண்டைக்கு அந்த மீனைச் சாப்பிட்ட வேற ஆருக்கும் ஏதாவது வந்ததா? எரிவு, தலையிடி, முகம் சிவக்கிறது?"

"இல்ல டொக்டர். ஒருத்தருக்கும் இல்ல," என்றான் பஸ்தியான்.

டொறத்தியின் கழுத்தில் சூடு ஏறியது. டொக்டர் அவளைப் பார்த்தார். பஸ்தியானும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அவவுக்கு எப்பவும் இப்பிடித்தான் டொக்டர். ஆரும் பார்த்தாச் சிவந்திடும்."

டொக்டர் எழுதிக்கொண்டார். பிறகு, பிள்ளைக்கு மட்டும் வந்திருக்கிறது, கடுமையாக வந்திருக்கிறது, கடதாசியும் ஒத்துப்போகிறது, ஆகவே இதை உண்மையான ஒவ்வாமை என்றுதான் எடுக்க வேண்டும் என்றார். மீன் தொடவே கூடாது. எங்கே போனாலும் ஊசி கூடவே போக வேண்டும். தாதி வந்து ஊசியை எப்படிப் பிடிப்பது, தொடையில் எந்த இடத்தில் ஏற்றுவது என்று ஒரு பஞ்சுத் தலையணையில் காட்டினாள். டொறத்தி ஏற்றிப் பார்த்தாள். ஊசி சரிந்து ஏறி வளைந்துவிட்டது.

"இன்னும் ஒருக்கா," என்றாள் தாதி.

வெளியே நடைபாதையில் வந்ததும் பஸ்தியான் பஸ் நேரத்தைப் பார்த்தான். யூஜினி தகப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இனி எப்பவுமே மீன் இல்லையா அப்பா?" என்று கேட்டாள். மகளின் முழங்கால் எலும்பு சட்டைக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது.

"குடையை உள்ள விட்டிட்டன்," என்றாள் டொறத்தி. குடை அவள் பைக்குள்தான் இருந்தது.

டொக்டர் அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்துவிட்டிருந்தார். டொறத்தி கதவடியில் நின்றாள். முகம் சிவந்தது. இந்த முறை சிவந்தால் சிவக்கட்டும் என்று நினைத்தாள்.

"டொக்டர். அண்டைக்கு எனக்கும் எரிஞ்சது."

டொக்டர் நிமிர்ந்தார்.

"முகம் எரிஞ்சது. தலை இடிச்சது. நாக்கில மிளகு மாதிரிச் சுள்ளெண்டு குத்தினது. நான் ஒரு துண்டுதான் சாப்பிட்டன். பிள்ளையைப் பார்க்கிற அவசரத்தில... பிறகு ஒருத்தரும் கேக்கேல்ல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "செவுள் வெளிறியிருந்தது. எனக்குத் தெரியும். நான் மீன் வெட்டினவள்."

டொக்டர் கோப்பை மூடிவிட்டுக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "கணவரைக் கூப்பிடுங்க," என்றார்.

பஸ்தியான் வந்து இருந்தான். டொக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"ஐஸ் இருந்தது," என்றான். "விக்கிற மீனுக்கு."

"கறி மீனுக்கு?"

"ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தன். எஞ்சின் நிண்டிட்டுது... வெயில்."

டொக்டர் திட்டவில்லை. சூரை போன்ற சில மீனைப் பிடித்த உடனே ஐஸில் வைக்காவிட்டால் சதைக்குள் ஒரு நஞ்சு ஊறும் என்றார். மணக்காது, அவித்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போலவே வரும். பிள்ளை சின்ன உடம்பு, கூடுதலாகச் சாப்பிட்டது, கூடுதலாக வந்தது.

"அப்ப பிள்ளைக்கு ஒவ்வாமை இல்லையா?" பஸ்தியான் முன்னுக்குச் சாய்ந்தான்.

"அப்பிடியும் சொல்ல மாட்டன். இல்லை எண்டு நினைக்கிறன். நினைப்பை நம்பி வீட்டில குடுத்துப் பார்க்கக்கூடாது, விளங்குதா? ஒரு துண்டும் குடுக்கக்கூடாது. இங்க கூட்டிக்கொண்டு வாங்க. ஊசியை மேசையில வைச்சுக்கொண்டு கடுகளவில இருந்து தொடங்குவம். மீன் நீங்கதான் கொண்டு வர வேணும். பிடிச்ச நிமிசத்தில இருந்து ஐஸில இருக்கிற மீன். ஒவ்வாமைக்கு விழுங்கிற குளிசையெல்லாம் ஒரு கிழமைக்கு முந்தியே நிப்பாட்ட வேணும், இல்லாட்டிச் சோதனை பிழைக்கும்."

ஊர் போகும் பஸ் மாதம்பை தாண்டியது. யூஜினி தாயின் மடியில் நித்திரை.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்," என்றான் பஸ்தியான்.

"நீங்க ஐஸ் போட்ட மீன் எண்டு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "வாடியில தெரிஞ்சா..." என்று தொடங்கி, மகளின் தலையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான்.

சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த மூன்று கிழமைதான் டொறத்தியின் வாழ்க்கையில் நீளமானது. பதினொரு மாதம் மீனைத் தூர வைத்த கையாலேயே மீனை ஊட்ட வேண்டும். ஒருவேளை டொக்டரின் நினைப்புப் பிழையானால்? எனக்கு எரிந்ததே வெறும் பயத்தில் எரிந்ததாக இருந்தால்? நான் வாயைத் திறந்ததால் அல்லவா பிள்ளைக்கு இந்தச் சோதனை என்று நினைத்தாள். ஒரு பின்னேரம் யூஜினியின் காலில் எறும்பு கடித்துத் தடித்தபோது குளிசைப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். நாள் எண்ணிப் பார்த்தாள். சோதனைக்கு ஆறு நாள்தான் இருந்தது. பெட்டியை வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசினாள். தலவிலக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றப் போனபோது என்ன கேட்பதென்றே தெரியவில்லை. ஒவ்வாமை இல்லை என்றால் பழுதான மீனை ஊட்டினவள் அவள். இருக்கிறதென்றால் பிள்ளை ஆயுள் முழுக்க ஊசியோடு. மெழுகுதிரி பாதி எரியும்வரை நின்றுவிட்டு, "பிள்ளையைப் பாரும் தாயே," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பஸ்தியான் சூரைக்கென்றே கடலுக்குப் போனான். குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி, மீன் வள்ளத்துக்குள் விழுந்த உடனே ஐஸுக்குள் புதைத்தான். கரையில் பெட்டியை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

"என்னடா தம்பி, முதலாளிக்குத் தனிப் பெட்டியா?" என்று அல்பொன்சா கேட்டாள்.

"கறிக்கு," என்றான்.

"கறிக்கா? ஐஸிலயா? எங்கட பரம்பரையில இல்லாத பவுசு!"

டொறத்தி செவுளைத் திறந்தாள். இரத்தச் சிவப்பு. விளக்கைக் கிட்டப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள். முதல் பஸ்ஸுக்கு முன்னம் உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்து, ஆற வைத்து, டப்பாவை ஐஸுக்குள் இறக்கி மூடினாள். பஸ்ஸில் ஒவ்வொரு தரிப்பிலும் பெட்டி மூடியில் கையை வைத்துக் குளிர் இருக்கிறதா என்று பார்த்தாள்.

வார்டில் யூஜினியைக் கட்டிலில் இருத்தி, விரலில் ஒரு கிளிப்பைக் கொளுவினார்கள். பக்கத்து மேசையில் தட்டும் ஊசியும். டொக்டர் ஒரு கத்தியால் மீனைத் துருவல் போல ஆக்கி, அதில் கடுகளவைக் கரண்டியில் எடுத்தார். "அம்மாவே குடுக்கட்டும்," என்றார்.

டொறத்தி கரண்டியை வாங்கினாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"செத்துப் போவனா அம்மா?"

டொறத்திதான் அந்தப் பயத்தைப் பிள்ளைக்கு ஊட்டினாள், பதினொரு மாதமாக, மூன்று வேளையும். "இல்ல மகள்," என்றாள். கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனாள். "அம்மா பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்."

கடுகளவு. இருபது நிமிடம். மிளகளவு. இருபது நிமிடம். டொறத்தி பிள்ளையின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூச்சு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணினாள். எண்ணிக்கை தவறி மறுபடி தொடங்கினாள். பஸ்தியான் யன்னலடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நகத்தளவு. இருபது நிமிடம். விரல் நுனியளவு.

அந்த நேரம் ஆறேழு மாணவ டொக்டர்கள் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் குனிந்து, "நீங்கதான் மீன் சாப்பிடுற ராசாத்தியா?" என்று கேட்டான்.

யூஜினியின் கழுத்து சிவந்தது. கன்னம் சிவந்தது. சிவப்பு நெற்றிக்கு ஏறியது. தாதி ஊசியை எடுத்தாள். பஸ்தியான் இரண்டு எட்டில் கட்டிலடிக்கு வந்துவிட்டான். டொக்டர் பிள்ளையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார்.

டொறத்தியின் கண் பிள்ளையின் முகத்தில் இருந்தது. தடிப்பு இல்லை. உதடு வீங்கவில்லை. பிள்ளை தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மட்டும் கீழே போட்டு, ஒற்றைக் காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த இருப்பை டொறத்திக்குத் தெரியும். இது அவளுடைய இருப்பு.

"டொக்டர்," என்றாள், வார்டுக்கே கேட்கும்படி. "அவ்வளவு பேரும் வெளியில போகட்டும்."

டொக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அது மீன் இல்ல. வெக்கம். என்னை மாதிரி."

மாணவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். தாதி ஊசியைக் கீழே வைக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மூன்று நிமிடத்தில் சிவப்பு நெற்றியிலிருந்து இறங்கியது, ஐந்தாவது நிமிடத்தில் கன்னத்தை விட்டுப் போனது. டொக்டர் தலையைக் குனிந்து சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அடுத்த துண்டு," என்றார்.

மத்தியானத்துக்குள் யூஜினி ஒரு முழுத் துண்டு சாப்பிட்டு முடித்தாள். பின்னேரம்வரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மீன் சரி, என்றார் டொக்டர். றாலும் நண்டும் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. றாலுக்கு மூன்று சக, அதற்கு இன்னொரு நாள் இதே மாதிரி வர வேண்டும், அதுவரை தொடக்கூடாது, ஊசியும் வீட்டில் இருக்க வேண்டும். "இண்டைக்கு இனி மீன் வேண்டாம். நாளையில இருந்து வீட்டில குடுங்க, நிப்பாட்டாமக் குடுங்க. நல்லா ஐஸில கிடந்த மீனா மட்டும் பார்த்து. சாப்பிடேக்க நாக்கில மிளகு மாதிரிச் சுள்ளெண்டு குத்தினா உடனே துப்ப வேணும்." அதைச் சொல்லும்போது அவர் பஸ்தியானைப் பார்க்கவில்லை. டொறத்தியைத்தான் பார்த்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரே அடுப்பில் ஒரே சட்டி. அல்பொன்சா மணம் பிடித்து வந்து கதிரையை இழுத்துப் போட்டாள். யூஜினி கோப்பையோடு தயாராக இருந்தாள். டொறத்தி சட்டியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. டொக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது, செவுள் சிவப்பாய் இருந்தது, ஐஸ் கடைசிவரை கரையவில்லை. ஆனாலும் அகப்பை அவள் கையில் அப்படியே நின்றது.

முதலில் தன் கோப்பையில் ஒரு துண்டு போட்டாள். பிய்த்து வாயில் வைத்தாள். மெல்லாமல் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவளென்ன திருப்பலியில நாக்கில நன்மை அப்பம் வாங்கின மாதிரி நிக்கிறாள்?" என்றாள் அல்பொன்சா. "முகத்தைப் பார், சிவக்குது."

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு," என்றான் பஸ்தியான். அவன் கையைக் கழுவாமல், துவாயைத் தோளில் போட்டபடி மனைவியின் முன்னால் வந்து நின்றான். "டொறத்தி, நாக்கில சுள்ளெண்டு குத்துதா? எரியுதா?"

கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நின்றான். யூஜினியும் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொறத்தி மென்றாள். விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள்.

"இல்ல," என்றாள். "உப்புத்தான் கொஞ்சம் கூட."

பிறகு மகளின் கோப்பையில் ஒரு துண்டு வைத்து, முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.